காவல் தப்பிய இரும்பு

மனித மூளையின் ஒரு சீவலை வெறும் கண்ணால் பார்த்தால் நிறம் என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. ஓரத்தில் சாம்பல், உள்ளே வெண்மை, அவ்வளவுதான். அதே சீவலைப் பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்தால் காட்சி மாறுகிறது. நீலம் ஏறத் தொடங்கும்; ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறாது. மூளையின் ஆழத்தில் இருபுறமும் ஒவ்வொன்றாக அமைந்திருக்கும் குளோபஸ் பல்லிடஸ் என்ற பகுதி அழுத்தமான நீலமாகிவிடும். நடுமூளையில் கரிக்கோடு இழுத்ததுபோல் கிடக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவும் அப்படியே. நாம் யோசிக்கவும் பேசவும் உதவும் மேற்புறணி வெளிறியே நிற்கும்.

அந்த நீலம் ஓவியர்கள் பிரஷ்யன் நீலம் என்று வாங்கும் அதே பொருள். இரும்பு இருந்தால்தான் அது உருவாகும். திசுவில் ஒளிந்திருக்கும் இரும்பை இப்படி வெளிக்கொணரும் முறையை ஜெர்மனியின் மாக்ஸ் பெர்ல்ஸ் 1867-ல் வெளியிட்டார். மூளையின் எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு நீலம் ஏறுகிறது என்று வரிசைப்படுத்தியவர் ஹூகோ ஷ்பாட்ஸ், 1922-ல். நிறத்தைப் பார்த்துச் சொல்வதை விட்டு எடை போட்டே பார்த்துவிடுவோம் என்று ஸ்வீடனில் ஹால்கிரென், சூராண்டர் என்ற இருவர் இறங்கினார்கள். பல வயதுகளில் இறந்தவர்களின் மூளைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து இரும்பை அளந்து 1958-ல் அவர்கள் வெளியிட்ட அட்டவணையை இன்றைக்கும் இந்தத் துறையில் யாரும் தாண்டிப் போக முடியாது. குளோபஸ் பல்லிடஸில் 100 கிராம் திசுவுக்குச் சுமார் 21 மில்லிகிராம் இரும்பு. உடலின் இரும்புக் கிடங்கு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் கல்லீரலில்கூட அவ்வளவு இல்லை. பிறந்த குழந்தையின் மூளையில் இந்த இரும்பு மிகக் குறைவு; முதல் 20, 30 ஆண்டுகளில் மளமளவென்று ஏறி, பிறகு நிதானிக்கிறது. அவர்கள் அளந்தது நோயாளிகளின் மூளைகளை அல்ல. நல்ல மூளையிலேயே இவ்வளவு இரும்பு இருக்கிறது.

எதற்கு? மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்கள் பெரும்பாலும் இரும்பைத் தாங்கியவை. நரம்பிழைகளுக்கு உறை போடும் மயலினைத் தயாரிக்கும் செல்கள் இரும்பை விழுங்கி வாழ்பவை. டோபமின் தயாரிப்பில் முதல் படியைச் செய்யும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிக்கு நடுவில் ஒரு இரும்பு அணு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கடைசி நொதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் வரும் ஒரு மருந்துச் சோதனையைக் கவிழ்த்தது அதுவாக இருக்கலாம்.

உயிரினங்கள் இரும்பைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் இது: அது எலக்ட்ரானை எளிதில் கொடுக்கும், எளிதில் வாங்கும். இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலை ஃபெரஸ். மூன்று இழந்தால் ஃபெரிக். இந்த இரு நிலைகளுக்கும் நடுவே போய்ப் போய் வருவதுதான் அதன் வேலை. யாரிடம் கொடுப்பது, யாரிடம் வாங்குவது என்று புரதம் கட்டுப்படுத்தும்வரை அது ஒழுங்கான வேலைக்காரன். கட்டுப்பாடு இல்லாமல் செல்லுக்குள் அலையும்போது, எதிரில் வருவது ஹைட்ரஜன் பெராக்சைடாக இருந்துவிட்டால், கதை வேறு.

அந்தக் கதை தொடங்குவது மூளையில் அல்ல, புளியில். புளிக்குப் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலத்தை வைத்துத்தான் அது முதலில் வெளிப்பட்டது. 1876-ல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஹென்றி ஃபென்டனுடைய சக மாணவர் ஒருவர், கைக்கு எட்டிய வேதிப்பொருள்களையெல்லாம் கலந்து விளையாடியதில் எதிர்பாராத ஊதா நிறம் ஒன்று வந்தது. ஃபென்டன் அதை விடவில்லை. என்னென்ன சேர்ந்ததால் அந்த நிறம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். டார்டாரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு, மிகச் சிறிதளவு ஃபெரஸ் உப்பு, கடைசியில் கொஞ்சம் காரம். இந்த நாலும் சேர வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு தனியாக டார்டாரிக் அமிலத்தை ஒன்றும் செய்வதில்லை. துளி இரும்பு விழுந்ததும் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. 1894-ல் முழுக் கட்டுரையாக வெளியிட்டார். இரும்பு ஏன் அவ்வளவு சிறிதளவு போதும் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய இடம். அது செலவாவதில்லை. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னவர்கள் வேறு. அமோனியாவைக் காற்றிலிருந்து தயாரிக்கும் வழியைக் கண்டவரும், முதல் உலகப்போரில் குளோரின் வாயுவைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனவருமான ஃபிரிட்ஸ் ஹாபர், 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிச் சில மாதங்கள் கேம்பிரிட்ஜில் இருந்தார். அவரும் ஜோசப் வைஸ் என்ற இளைஞரும் எழுதிய கட்டுரை 1934-ல் அச்சானபோது ஹாபர் உயிரோடு இல்லை. ஃபெரஸ் இரும்பு தன் எலக்ட்ரானை ஹைட்ரஜன் பெராக்சைடுக்குக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்ட பெராக்சைடு இரண்டாக உடைகிறது. ஒரு பாதி சாதுவான ஹைட்ராக்சைடு அயனி, மறு பாதி ஹைட்ராக்சில் ரேடிக்கல். எலக்ட்ரான்கள் ஜோடியாக இருப்பதுதான் மூலக்கூறுகளுக்கு அமைதி. இந்த ரேடிக்கலில் ஒன்று ஒண்டியாக நிற்கிறது. பக்கத்தில் எது இருந்தாலும் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்தே தீரும். அதன் ஆயுள் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான். அதற்குள் அது நகரும் தூரம் ஒரு புரத மூலக்கூறின் பருமனைத் தாண்டாது.

இந்தக் கடைசி விவரத்தைப் பலரும் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட ஒன்றைத் தேடிப் பிடித்து அடக்க எந்த நொதியாலும் முடியாது. பிறந்த பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. ஆகவே உடல் தன் முழுத் திறமையையும் அது பிறக்காமல் பார்த்துக்கொள்வதில் செலவிடுகிறது: ஒரு பக்கம் ஹைட்ரஜன் பெராக்சைடை உடனுக்குடன் சிதைப்பது, மறுபக்கம் இரும்பைத் தனியே அலையவிடாமல் இருப்பது. சேதம் எங்கே விழும் என்பதை முடிவு செய்வதும் இரும்பு நிற்கும் இடம்தான். டிஎன்ஏ-வின் அருகே நின்றால் டிஎன்ஏ வெட்டுப்படும். செல் சவ்வின் அருகே நின்றால் கொழுப்பு.

மூளையில் அது பெரும்பாலும் கொழுப்பு. நியூரான்களின் சவ்வு மீன் எண்ணெயைப் போல நெகிழ்ச்சியானது. டோகோசாஹெக்சினாயிக் அமிலம் என்ற, 22 கார்பன் நீளமும் ஆறு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட கொழுப்பு அமிலம் அதில் நிறைய. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கும். ஹைட்ராக்சில் ரேடிக்கல் அதைப் பறித்துவிட்டால் அந்தக் கொழுப்பு அமிலமே ரேடிக்கலாகிவிடுகிறது. உடனே ஒரு ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டியதும் அது பக்கத்து அமிலத்தின் ஹைட்ரஜனைப் பறிக்கும். அந்தப் பக்கத்து அமிலத்திலும் ஆக்சிஜன். அது தன் பக்கத்தைப் பறிக்கும். முதல் அடி விழுந்தது ஒன்றின்மேல். சேதமடைவது வரிசை வரிசையாக. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்து காறல் வாடை எடுக்கிறதே, அங்கே நடப்பதும் இதே சங்கிலிதான். முறுக்கைத் தூக்கிப் போட்டுவிடலாம். நியூரானுக்குப் பதில் நியூரான் பெரும்பாலும் வருவதில்லை.

சங்கிலி ஓடிய தடத்தில் கொழுப்பு ஹைட்ரோபெராக்சைடுகள் மிஞ்சும். இரும்பு மறுபடியும் உள்ளே வருவது இங்கேதான். இந்த ஹைட்ரோபெராக்சைடுகளையும் அது உடைத்துப் புதிய ரேடிக்கல்களாக்கி, அணைந்துகொண்டிருந்த சங்கிலியை மீண்டும் பற்றவைக்கிறது. கடைசியில் கொழுப்பு அமிலம் துண்டு துண்டாகி மாலோன்டைஆல்டிஹைடு, ஹைட்ராக்சிநோனெனால் போன்ற ஆல்டிஹைடுகளாகச் சிதறும். இவை ரேடிக்கல்கள் அல்ல, அவசரம் இல்லாதவை. மெதுவாக வெகுதூரம் நகர்ந்து புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கின்றன. பார்க்கின்சன், அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவில் இந்தத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

மூளையின் தற்காப்பில் ஒரு பலவீனம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றும் கேட்டலேஸ் நொதி கல்லீரலில் தாராளம், மூளையில் சொற்பம். இன்னொரு வேடிக்கை வைட்டமின் சி. உடலிலேயே அது அதிகம் குவிந்திருக்கும் உறுப்புகளில் மூளையும் ஒன்று. எதிர் ஆக்சிஜனேற்றி என்று விளம்பரங்களில் கொண்டாடப்படும் அதே வைட்டமின் சி, தனியே அலையும் ஃபெரிக் இரும்பைக் கண்டால் அதற்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து மறுபடி ஃபெரஸ் ஆக்கிவிடுகிறது. அதாவது அடுத்த சுற்றுக்குத் தயார் செய்துவிடுகிறது. இரும்பு கட்டுக்குள் இருந்தால் நண்பன். இல்லாவிட்டால் எதிரிக்கு எடுபிடி. எதிர் ஆக்சிஜனேற்றி மாத்திரைகளை மொத்தமாக விழுங்கச் சொல்லும் யாருடைய பேச்சையும் நான் சந்தேகத்தோடு கேட்பதற்கு இந்த ஒரு வினையே போதும்.

இனி காவலர்கள். இரத்தத்தில் இரும்பு தனியாகப் பயணிப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஒரு நேரத்தில் இரண்டு அணுக்களைக் கவ்விக்கொண்டு போகிறது. மூளைக்குள் நுழைய வேண்டுமானால் இரத்த நாளங்களின் உட்சுவர்ச் செல்கள் வழியாகத்தான், அவற்றின் ஏற்பிகள் அனுமதித்தால்தான். உள்ளே வந்ததும் உடனே தேவைப்படாத இரும்பை ஃபெரிட்டின் வாங்கிக்கொள்கிறது. 24 புரதத் துண்டுகள் சேர்ந்து வளைந்து உருவான வெற்றுக்கோளம் அது. ஃபெரஸ் இரும்பு அதன் துளைகள் வழியாக உள்ளே போகிறது. கனமான துண்டுகள் அதை ஃபெரிக் ஆக்குகின்றன. இலேசான துண்டுகள் அதை உள்ளே கட்டியாகப் படியவைக்கின்றன. ஒரு கோளத்துக்குள் 4,500 இரும்பு அணுக்கள்வரை அடங்கும். வேண்டாத இரும்பைச் செல்லைவிட்டு வெளியேற்ற ஃபெரோபோர்ட்டின் என்ற வாசல் உண்டு. வெளியே வரும் ஃபெரஸை உடனே ஃபெரிக் ஆக்கி டிரான்ஸ்ஃபெரின் கையில் கொடுக்கச் செம்பு தாங்கிய செருலோபிளாஸ்மின் காத்திருக்கும். சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் கூடுதலாக ஒரு ஏற்பாடு: நியூரோமெலனின் என்ற கருநிறமி. அந்தப் பகுதிக்குக் கரிய நிறம் தருவதும் அதுவே. அங்குள்ள நியூரான்களில் இரும்பைப் பிடித்து வைப்பதும் அதுவே.

நல்ல மூளையின் சில பகுதிகளில் கல்லீரலை விஞ்சும் அளவு இரும்பு இருந்தும் ஒன்றும் ஆகாததற்கு இதுதான் பதில். எவ்வளவு இருக்கிறது என்பது முதல் கேள்வி அல்ல. எவ்வளவு காவலில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. 'அதிக இரும்பு' என்று நரம்பியலில் சொல்லும்போது, அந்தக் காவலுக்கு அதிகமான இரும்பு என்று படிக்க வேண்டும்.

காவலர்களில் ஒருவர் மட்டும் பிறவியிலேயே கோளாறாக இருந்தால் என்ன ஆகும்? இதற்குச் சோதனைக்கூடம் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் வடமேற்கே கும்ப்ரியா என்ற மலைநாட்டில் சில குடும்பங்களில் ஒரு நோய் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. 40 வயதையொட்டி ஒரு கையோ காலோ தானாக முறுக்கிக்கொள்ளும். அல்லது கட்டுப்பாடில்லாத அசைவுகள் தொடங்கும். சிலருக்கு ஹன்டிங்டன் நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். நியூகாசிலைச் சேர்ந்த ஜான் பர்ன் குழுவினர் 2001-ல் காரணத்தைக் கண்டார்கள். ஃபெரிட்டினின் இலேசான துண்டுக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாக நுழைந்திருந்தது. அதனால் புரதத்தின் வால் பகுதி முழுவதும் பிறழ்ந்துவிட்டது. அந்த வால், கோளத்தின் துளைகளையொட்டி அமைவது. அது பிறழ்ந்தால் கோளம் ஒழுகும். உள்ளே போன இரும்பு தங்காது. ஸ்கேனில் அவர்களுடைய குளோபஸ் பல்லிடஸும் சுற்றுப்பகுதிகளும் இரும்பால் கறுத்திருந்தன. பலரின் இரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தால் இயல்பைவிடக் குறைவு! இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பும் மருத்துவர், இவருக்கு இரும்புச்சத்து போதவில்லை என்று முடிவு கட்டியிருப்பார்.

ஜப்பானில் 1987-ல் மியாஜிமா விவரித்த இன்னொரு நோயில் செருலோபிளாஸ்மின் உருவாவதே இல்லை. செல்லைவிட்டு வெளியேற வேண்டிய இரும்பு வெளியேற முடியாமல் மூளையிலும் கணையத்திலும் விழித்திரையிலும் தேங்குகிறது. சர்க்கரை நோய், பார்வைக் கோளாறு, நடுத்தர வயதில் மறதியும் தள்ளாட்டமும். அவர்களுக்கும் இரத்தத்தில் இரும்பு குறைவு. இலேசான சோகைகூட உண்டு. உடலுக்குள்ளேயே ஓரிடத்தில் பஞ்சம், ஓரிடத்தில் வெள்ளம்.

இந்த வரிசையில் மிகப் பழைய நோய் குழந்தைகளுக்கு வருவது. நாம் முன்பு சந்தித்த ஷ்பாட்ஸும் யூலியஸ் ஹாலர்ஃபோர்டனும் 1922-ல் ஒரே குடும்பத்துச் சகோதரிகளிடம் அதைக் கண்டு எழுதினார்கள். வெகுகாலம் அவர்கள் பெயரிலேயே அந்த நோய் வழங்கியது. இப்போது அந்தப் பெயரைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். நாஜி ஆட்சியில் மனநோயாளிகளையும் ஊனமுற்ற குழந்தைகளையும் கொன்றுகுவித்த திட்டத்திலிருந்து நூற்றுக்கணக்கான மூளைகளை ஹாலர்ஃபோர்டன் ஆய்வுக்கு வாங்கிக்கொண்டார். போர் முடிந்ததும் அதை அவரே அமெரிக்க விசாரணையாளர் லியோ அலெக்சாண்டரிடம் தயக்கமின்றிச் சொன்னார். இரும்பைப் பற்றிய அத்தியாயத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மூளையில் இரும்பு என்ற துறையின் தொடக்கப் பெயர்களில் ஒன்று இப்படிப்பட்டது, அதை மறைத்து எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நோய்க்குக் காரணமான மரபணு 2001-ல் தெரிந்தது. வைட்டமின் பி5-ஐப் பயன்படுத்தத் தேவையான ஒரு நொதிக்கான மரபணு அது, நேரடியாக இரும்போடு தொடர்பே இல்லாதது. எம்ஆர்ஐ படத்தில் குளோபஸ் பல்லிடஸ் இரும்பால் கறுத்து, நடுவில் சிதைந்த பகுதி மட்டும் வெள்ளையாக ஒளிரும். கதிரியக்க மருத்துவர்கள் அதைப் புலிக்கண் என்கிறார்கள். படத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

பரம்பரை இல்லாமலேயே மூளை இரும்பில் மூழ்கும் வழி ஒன்று உண்டு: இரத்தக்கசிவு. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. மூளைக்குள் நாளம் வெடித்து 30 மில்லிலிட்டர் இரத்தம் கட்டினால், 15 மில்லிகிராம் இரும்பு ஒரே இடத்தில் கொட்டியதாகக் கணக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே பேச்சுக் குழறிச் சாய்ந்தவரை, முதல் நாள் ஆபத்திலிருந்து மீட்டுவிட்டோம் என்று குடும்பம் மூச்சு விடும். அடுத்து வரும் நாள்களில் சிவப்பணுக்கள் உடைந்து, ஹீமோகுளோபின் சிதைந்து, இரும்பு வெளியே வரத் தொடங்கும். கட்டியைச் சுற்றி வீக்கம் கூடுவதற்கும் அருகிலுள்ள நியூரான்கள் சாவதற்கும் அதுவும் ஒரு காரணம். கசிவு சிறிது சிறிதாக ஆண்டுக்கணக்கில் நடந்தால் வேறொரு நோய்: தண்டுவட நீரில் கலந்த இரத்தத்தின் இரும்பு மூளையின் மேற்பரப்பில் பூச்சாகப் படிந்துவிடும். முதலில் காது மந்தமாகும், பிறகு நடை தள்ளாடும். செவி நரம்பும் சிறுமூளையும்தான் அந்தப் பூச்சுக்கு முதலில் இரையாகின்றன.

2012-ல், இரும்பால் செல்களுக்கு நேரும் இந்தச் சாவுக்குத் தனிப் பெயரே கிடைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்ஸன், பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர், சில புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் எராஸ்டின் என்ற மூலக்கூறை ஆராய்ந்தபோது, அந்தச் செல்கள் அதுவரை அறிந்த எந்த வழியிலும் சாகவில்லை என்று கண்டார்கள். இரும்பைப் பிடித்து வைக்கும் மருந்தைக் கொடுத்தால் செல்கள் பிழைத்தன. கொழுப்புச் சங்கிலியை அறுக்கும் பொருளைக் கொடுத்தாலும் பிழைத்தன. இதற்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். கொழுப்பு ஹைட்ரோபெராக்சைடுகளை அப்போதைக்கப்போது அமைதிப்படுத்தும் ஒரு நொதி, செலினியம் தாங்கியது, சரிவர வேலை செய்யாதபோது நடப்பது அது. ஒரு செல் தானே முடிவெடுத்துத் தன்னைக் கலைத்துக்கொள்வது ஒரு வகைச் சாவு. இது அப்படியல்ல, பராமரிப்பு நின்றுபோனதால் சரிவது. மூளைச் சிதைவு நோய்களில் இது எவ்வளவு தூரம் பங்கு வகிக்கிறது என்ற விவாதம் ஆய்வுக்கூடங்களில் சூடாகவே நடந்துகொண்டிருக்கிறது.

விவாதத்தின் மையத்தில் இருப்பது பார்க்கின்சன் நோய். சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் டோபமின் நியூரான்கள் சாவதால் வருவது. ஏன் அவை? ஒவ்வொரு நியூரானும் பல லட்சம் இணைப்புகளைத் தாங்கிய ஒரு மரம். அவ்வளவையும் நடத்த மைட்டோகாண்ட்ரியாக்கள் ஓயாமல் உழைக்க வேண்டும், உழைப்பின் கழிவாக ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். டோபமினை உடைக்கும் நொதியும் ஒவ்வொரு முறையும் ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டுச்செல்கிறது. பக்கத்திலேயே இரும்பு. ஃபென்டனின் சோதனைக்குழாய்க்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் ஒரே செல்லில் கூடியிருக்கின்றன. 1980களின் இறுதியில் பல குழுக்கள் நோயாளிகளின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இரும்பு கூடியிருப்பதை அளந்தன. 1991-ல் ஹைஃபாவில் பென்-ஷாச்சரும் யூடிமும் எலிகளின் அந்தப் பகுதியில் இரும்பைச் செலுத்த, எலிகள் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளைக் காட்டின.

அப்படியானால் இரும்பை எடுத்துவிட்டால் நோய் நிற்க வேண்டுமே? தலசீமியாக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை வெளியேற்ற டெஃபெரிப்ரோன் என்ற மாத்திரை ஏற்கெனவே இருந்தது. மூளைக்குள்ளும் நுழையக்கூடியது. ஐரோப்பாவில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட, டோபமினை ஈடுகட்டும் லெவோடோபா மருந்தை இன்னும் தொடங்காத 372 பேரிடம் அதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, 36 வாரம். முடிவு 2022 டிசம்பரில் வெளிவந்தது. ஸ்கேனில் இரும்பு குறைந்திருந்தது, எதிர்பார்த்தபடியே. நோயாளிகளின் நிலை மோசமாகியிருந்தது. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 6 புள்ளி கூடியது. மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 16.

ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் எனக்கு வலுவானதாகத் தெரிவது, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன நொதியைச் சுற்றியது. டோபமின் தயாரிக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸுக்கு இரும்பு வேண்டும். மருந்துக்குக் காவலில் இருக்கும் இரும்பு எது, காவல் தப்பியது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எளிதில் கைக்கு வருவதை எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே டோபமின் பற்றாக்குறையில் இருந்தவர்களின் மிச்ச உற்பத்தியையும் அது சுருக்கியிருக்கலாம். அவர்கள் லெவோடோபா எடுத்துக்கொண்டிருந்தால் அந்த இழப்பு ஈடாகியிருக்கும். சோதனையின் நிபந்தனைப்படி எடுத்துக்கொள்ளவில்லை. புலிக்கண் நோய்க் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமுமாக 88 பேரில் நடந்த மற்றொரு சோதனையில் இரும்பு நன்றாகவே குறைந்தது. நோய் தெளிவாகச் சொல்லும்படி குறையவில்லை. அல்சைமர் நோயாளிகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில் அறிவாற்றல் சரிவு வேகமடைந்தது.

இரும்பு குற்றமற்றது என்று இவை நிரூபித்துவிடவில்லை. கும்ப்ரியாக் குடும்பங்களும் செருலோபிளாஸ்மின் இல்லாதவர்களும், இரும்பைக் கையாளும் ஒரு புரதம் கெட்டால் அதுவே மூளையைச் சிதைக்கப் போதும் என்று காட்டிவிட்டார்கள். ஆனால் பார்க்கின்சனில் இரும்பு சேர்வது காரணமா, செத்த செல்கள் விட்டுப்போன எச்சமா, அல்லது இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றனவா என்பதை மொத்த அளவைக் குறைக்கும் மருந்து தீர்த்துவைக்காது. இப்போது கவனம் நகர்ந்திருப்பது அதனால்தான்: இரும்பை வெளியே எடுப்பதைவிட, கூடிய இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு மாற்றுவது, கொழுப்புச் சங்கிலியை நடுவில் அறுப்பது.

இவ்வளவையும் படித்த பிறகு, வீட்டில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தொடர்ந்து சாப்பிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் உள்ள 60 மில்லிகிராம் இரும்பில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. மலம் கருப்பாகப் போவது அதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை. குடலைத் தாண்டியதும் நேராக மூளைக்குப் போய்விடாது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் குடலின் வாசலைக் கட்டுப்படுத்துகிறது, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு இன்னொரு வாசலைக் கட்டுப்படுத்துகிறது. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளுக்கே இரும்பு முதலில் கெடுப்பது கல்லீரலையும் இதயத்தையும் சுரப்பிகளையும்தான். மூளை பெருமளவு தப்பிவிடுகிறது.

ஆபத்து எதிர்ப்பக்கத்தில் உறுதியானது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் இரும்பு போதாமல் போனால் மயலின் சரியாகப் படியாது, டோபமின் சுற்றுகள் சரியாக அமையாது. பிறகு மாத்திரை கொடுத்து இரத்தத்தைச் சரிசெய்த பின்பும் கற்றலிலும் நடத்தையிலும் சில குறைகள் நீடிப்பதைப் பல நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சோகை இல்லாத ஆண்கள் 'தெம்புக்கு' என்று மருந்துக்கடையில் தாங்களாக இரும்பு டானிக் வாங்கிக் குடிப்பது வேறு விஷயம். உடலுக்குக் கூடுதல் இரும்பை வெளியேற்ற முறையான வழி எதுவும் இல்லை என்பதால், குடிப்பதற்கு முன் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மாத்திரை அட்டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கிய குழந்தைக்கு அது விஷம், அதுவும் சில மணி நேரத்தில்.